அளவைப் படமும் அரிப்பு மாளிகையும்

வங்காலையிலிருந்து தெற்கே போய் அருவியாற்றைக் கடந்தால் அரிப்பு. கடலோர மண்மேட்டின் விளிம்பில் நிற்கும் இடிந்த மாளிகையை ஊர்ச்சனம் அல்லிராணி கோட்டை என்றே சொல்லும். கட்டியவர் பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த். முத்துச் சிலாபத்தை மேற்பார்வை செய்ய வரும்போது தங்குவதற்காக 1801–1804 காலத்தில் எழுப்பினார். கிரேக்க டோரிக் பாணித் தூண்கள். உள்ளே வெறும் செங்கல், மேலே சுண்ணாம்புச் சாந்து. மேட்டைக் கடல் அரிக்க அரிக்க, மாளிகையும் துண்டு துண்டாகக் கீழே போகிறது. அந்தச் சிலாபங்களில் குளித்தவர்களிலும் முத்து வாங்கியவர்களிலும் நம்மவர் ஏராளம்.

இப்படியான கட்டிடங்களை அளந்து வரையப் போட்டி வைக்கிறார்கள். வேலையற்றிருந்த கட்டிடக் கலைஞர்களைக் கொண்டு பழைய கட்டிடங்களைப் பதியும் திட்டம் அமெரிக்காவில் 1933இல் தொடங்கியது. அதை முன்மொழிந்த சார்ள்ஸ் பீட்டர்சன் பெயரில் 1983 முதல் மாணவர்களுக்குப் பரிசு உண்டு. படங்கள் காங்கிரஸ் நூலகத்தில் சேர்கின்றன.

அரிப்புக்கு அப்படியொரு போட்டி வைத்தால் எதற்குப் புள்ளி போடுவது? விழுந்த தூணையெல்லாம் நிமிர்த்தி, நிழல் தீட்டி ஒருவர் அழகாக வரைந்து வருவார். சபையே கைதட்டும். என் கணக்கில் அதற்குக் கடைசி இடம்தான். உடைந்ததை உடைந்தபடி காட்டியிருக்கிறாரா, அறை சதுரமா கோணலா என்று அறிய மூலைவிட்டம் பிடித்தாரா, நாடாவால் அளந்தது எது, கண்மதிப்பாகப் போட்டது எது என்று பிரித்து எழுதினாரா என்பதைத்தான் பார்க்கவேண்டும். திகதியும் முக்கியம். சுவருக்கும் மேட்டு விளிம்புக்கும் இன்று இத்தனை அடி என்றிருந்தால்தானே, பத்து வருஷம் கழித்து வருபவர் கடல் எவ்வளவு தின்றது என்று கணக்குப் பார்க்கலாம்!

பள்ளிவாசலை வரைந்தால் இன்னும் கவனம் வேண்டும். சில பழைய பள்ளிகளில் சுவர் ஒரு பக்கம், தொழுகை வரிசை சற்றுச் சாய்ந்து இன்னொரு பக்கம் போகும். கிப்லா பிறகு திருத்தப்பட்டதன் தடயம் அது. கிடைப்படத்தில் அந்தச் சாய்வை நேராக்கிவிட்டால் சரித்திரமே அழிந்துபோகும்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யுத்தம் முடிந்து திரும்பியபோது கூரை போய்க் காடு மண்டிக் கிடந்த பள்ளிகளை இடித்துப் புதிதாகக் கட்டினோம். கட்டாமல் என்ன செய்வது? ஆனால் முந்தியதில் எத்தனை தூண், மிஹ்ராப் எவ்வளவு அகலம் என்று கேட்டால் பெரியவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

இன்னும் இடிக்காத பள்ளிகளின் நிர்வாக சபைகள் ஒரு நாள் ஒதுக்கித் தந்தால், எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நாடாவும் தூக்குநூலும் கொண்டு வருவார்கள்.