கட்டங்களாகத் தெரிந்த தமிழ்

சென்னைக்கு மேற்கே, ஆவடியை அடுத்து, விமானப்படை நிலையத்தை ஒட்டி அமைந்த முத்தாபுதுப்பேட்டையிலும் அதைப் போன்ற புறநகர்களிலும், இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் இணையம் வீட்டுக்குள் புகுந்துவிட்ட சாதனமாக இருக்கவில்லை; மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து உட்கார்ந்து எழுந்து வரும் பிரவுசிங் சென்டராகவே பெரும்பாலோருக்கு அது அறிமுகமாயிற்று. பரீட்சை முடிவைப் பார்க்கவோ வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்குக் கடிதம் எழுதவோ அங்கே சென்றவர், அப்படியே ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தையும் திறந்து பார்த்தால், அநேகமாக அவர் கண்ணில் பட்டது தமிழாக இராது. ஐரோப்பிய எழுத்துகளின் பொருளற்ற குவியலோ, வெறும் கட்டங்களோதான். 'எங்கள் எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்க' என்று பக்கத்தின் மேலே ஓர் அறிவிப்பு இருக்கும். வாடகைக் கணினியில் எதையும் நிறுவ உரிமையில்லாத வாசகருக்கு அந்த யோசனையால் என்ன பிரயோஜனம்?

இதன் காரணம் மிக எளியது. அந்நாளைய எழுத்துருவில் மொத்தம் 256 இடங்களே உண்டு. முதல் பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொள்ள, மிஞ்சியவற்றில் தமிழின் உயிர், மெய், கொம்பு, கால் யாவற்றையும் அடக்கியாக வேண்டும். எந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் ஒற்றுமை இல்லாமற் போயிற்று. ஈழத் தமிழரிடையே பரவிய பாமினி, லோசானில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை, தமிழக அலுவலகங்களில் வேரூன்றிய வானவில் என ஒவ்வொன்றும் தனித்தனி வரிசையைக் கொண்டிருந்தன. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் அர்த்தமற்றுப் போயிற்று.

இந்தக் குழப்பத்தின் மேல் உலாவிகளின் யுத்தமும் வந்து சேர்ந்தது. 1997-இல் வெளிவந்த நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இரண்டின் நான்காம் பதிப்புகளும், வாசகர் எதையும் நிறுவாமலே எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் வித்தையைக் கற்றிருந்தன. ஆனால் நெட்ஸ்கேப் பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் முறையையும், எக்ஸ்ப்ளோரர் மைக்ரோசாஃப்டின் முறையையும் தழுவியதால், வலைப்பக்கம் செய்வோர் ஒரே எழுத்துருவை இரண்டு வடிவங்களில் தயாரித்து, இரண்டிலும் சோதித்து, ஒன்றில் சரியானது மற்றொன்றில் கெடுவதைக் கண்டு மறுபடியும் திருத்த வேண்டியிருந்தது. நெட்ஸ்கேப் தன் ஆறாம் பதிப்பில் அந்த வசதியையே கைவிட்டபோது, அதை நம்பி உழைத்தவர்களின் பிரயாசை வீணாயிற்று. எழுத்துருவைப் பக்கத்தோடு இணைக்கும் விதியை வைய விரிவு வலைக் கூட்டமைப்பு 1998-லேயே எழுதி வைத்திருந்தும், அதற்கென எல்லாரும் ஒப்புக்கொண்ட வாஃப் என்ற வடிவம் அந்தக் கூட்டமைப்பின் முழு அங்கீகாரம் பெற்றது 2012 டிசம்பரில்தான். விதியை எழுதுவோரும் உலாவியை விற்போரும் ஒருவரையொருவர் பார்த்துக் காத்திருந்த அந்தப் பதினான்கு வருஷங்களின் விலையை எங்கோ ஒரு வாடகை நாற்காலியில் அமர்ந்திருந்த வாசகர் செலுத்தினார் என்பதே என் அபிப்பிராயம்.

தமிழர் சும்மா இருக்கவில்லை. நா. கோவிந்தசாமி முன்னின்று 1997-இல் சிங்கப்பூரில் நடத்திய மாநாடு, மின்னஞ்சல் வழியே உலகத் தமிழர் விவாதித்து உருவாக்கிய திஸ்கி என்ற எழுத்து வரிசை, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு ஆகியவை போற்றத்தக்க முயற்சிகள். சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையைத் தந்த தமிழக அரசு, டாம், டாப் என்று இரண்டு எழுத்து வரிசைகளை ஒருங்கே அங்கீகரித்தது. ஒரு மொழிக்கு ஒரு நியமம் வேண்டும் என்று கூடி, இரண்டை வகுத்து, வெளியே திஸ்கியை மூன்றாவதாக நிற்க விட்டது தவறு என்றே கருதுகிறேன். திஸ்கி எழுத்துக் குறியீடுகளுக்கான பன்னாட்டுப் பதிவேட்டில் இடம் பெற்றது 2007-இல். அதற்குள் அதன் காலம் முடிந்திருந்தது.

முடித்து வைத்தது, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி இடம் தரும், 1991-இல் பிறந்த யூனிகோடு. அதில் 'கெ' என்று எழுத ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் பதிவாகும். கொம்பை இடப்புறம் கொண்டுபோய் நிறுத்துவது இயங்குதளத்தின் கடமை. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் அந்தக் கடமையை ஏற்றது. பிரவுசிங் சென்டர்களின் பழைய விண்டோஸ் 98 ஏற்கவில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியிலோ, பத்தியின் இருபுற ஓரங்களையும் சமன் செய்தால் கொம்பும் காலும் மெய்யை விட்டுச் சிதறின. 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்புதான் அந்த இடரைப் போக்கியது.

இன்று முத்தாபுதுப்பேட்டையில் கைப்பேசியைத் திறப்பவருக்கு இவை எவையும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த வருஷங்களில் தட்டச்சான மன்ற மலர்களும், கோயில் வரலாறுகளும், அச்சுக்குப் போகாத நூல்களும் பழைய சிடிகளில் இன்னும் அந்த எழுத்துருக்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் திஸ்கி நூல்களை யூனிகோடிலும் தந்து வழி காட்டியிருக்கிறது. சுரதா என்பவர் செய்த பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றிகளும் உருவாகியிருக்கின்றன. அத்தகைய கோப்பு எவரிடமேனும் இருந்தால், சிடி பழுதாவதற்குள் யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். மாற்ற இயலாவிடில், எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்ற குறிப்பையாவது அதனுடன் சேர்த்து வையுங்கள்.