ஆதாமின் பாவமும் குழவியின் பழியும்

தந்தை செய்த பிழைக்கு மகனைப் பொறுப்பாக்குதல் நீதியாமோ? கிறித்து சமயத்தில் இவ்வினா கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தே பெரும்பூசலாய் எழுந்தது. அச்சமயத்தார் பாவத்தை இருவகைப்படுத்துவர். ஒருவன் தானே அறிந்து செய்வது கர்ம பாவம்; முதல் மனிதனாகிய ஆதாம் இறைவன் கட்டளையை மீறியமையால் அவன் வழியினர் அனைவரையும் பிறப்பொடு தொடர்வது சென்ம பாவம். இவற்றுட் பின்னையது பிறப்பவனுக்குக் குறை மாத்திரையேயோ, அன்றிக் குற்றமேயோ என்பதே வழக்கின் வேராகும்.

பெலாகியர் என்பார் பிரித்தானியாவினின்றும் வந்து உரோமாபுரியில் வாழ்ந்த துறவொழுக்கத்தினர். இறைவன் செய்யவொண்ணாததை விதியான் என்பதும், நன்றுந் தீதும் அவரவர் விருப்பத்தின் வழியவே என்பதும் அவர்தங் கொள்கை. ஆப்பிரிக்காவிலுள்ள ஹிப்போ நகரத்து ஆயராகிய அகுஸ்தினாரோ, கட்டளையிட்ட இறைவனே அதனைச் செய்யும் ஆற்றலையும் அருளல் வேண்டுமென்று தம் வாழ்க்கை நூலில் வேண்டியிருந்தனர். அதனை ஒருவர் எடுத்தோதக் கேட்ட பெலாகியர் பொறாராயினர். மனிதன் முயற்சிக்கு அவ்வேண்டுகோள் இழுக்காமென்பது அவர் கருத்து.

கி. பி. 410-ல் அலாரிக்கு என்னுங் கோத்தர் தலைவன் உரோமாபுரியைச் சூறையாடினான். பெலாகியரும் அவர் தோழராகிய செலெஸ்தியரும் வட ஆப்பிரிக்கா சென்றனர். பெலாகியர் விரைவிற் பாலஸ்தீனம் போயினர். கார்த்தேசில் தங்கிய செலெஸ்தியர்மீது, ஆதாமின் பாவம் அவனையே கெடுத்ததன்றிப் பிறரைக் கெடுக்கவில்லை யென்று கூறினாரெனக் குற்றஞ் சாட்டப்பட்டது. குழவிகட்கு ஞானஸ்நானம் வேண்டுமென்பதை அவர் மறுத்திலர். பாவம் பிறப்பின் வழி இறங்குமென்பது பெரியோர் பலரும் வேறுபட்டுரைக்கும் பொருளேயென்றனர். ஆயினும் அவர் தள்ளப்பட்டார்.

இதனால் வழக்கு முழுவதும் குழவியின் தொட்டிலருகே வந்து நின்றது. ஞானஸ்நானம் பாவமன்னிப்பின் பொருட்டன்றோ? குழவி தானாகச் செய்த பாவம் யாதுமில்லையே. ஆகலின் அது பிறப்பொடு பெற்ற பாவமே மன்னிக்கப்படல் வேண்டுமென்பது அகுஸ்தினாரின் வாதம். பவுல் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை அவர் சான்றாகக் கொண்டனர். கிரேக்க மூலத்தில் எல்லாரும் பாவஞ் செய்தமையால் மரணம் பரவிற்று என்னும் பொருள்பட நின்ற தொடர், அவர் கையாண்ட இலத்தீன் மொழிபெயர்ப்பில், ஆதாமிடத்தே எல்லாரும் பாவஞ் செய்தனர் எனக் கொள்ளுமாறு அமைந்திருந்தது.

எதிர்க்கட்சியாரோ, ஒருவன் தானே செய்த பாவத்தை மன்னிக்கும் இறைவன் பிறன் செய்ததை அவன்மேல் ஏற்றுவனோ என்று வினவினர். மகன் தந்தையின் அக்கிரமத்தைச் சுமவான் என்னும் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் பதினெட்டாம் அதிகாரக் கருத்தும் அவர்க்குத் துணையாயிற்று.

அகுஸ்தினார் நெஞ்சில் ஈரமிலர் என்று கருதற்க. 415-ல் பெத்லகேமிலிருந்த எரோனிமுவுக்கு எழுதிய மடலில், உயிர்கள் உடல்தோறும் புதிதாய்ப் படைக்கப்படுமாயின் ஒன்றுமறியாக் குழவி எந்நீதியால் தண்டமடையும் என்று கலங்கி வினவினர். குழவிகள் நோயால் வருந்துதலைக் கண்ட அவர், குற்றமில்வழி நீதியுடைய இறைவன் அதற்கு இடங்கொடான் என எண்ணினர். இறைவன் நீதியைக் காக்கவே இருதிறத்தாரும் வாதிட்டனராயினும் முடிபு முரணாயிற்று. ஞானஸ்நானமின்றி இறந்த குழவிக்குத் தண்டனை உண்டு, ஆயின் அது மிக மெல்லியது என்றளவே அகுஸ்தினார் இறங்கினர்.

415-ல் பாலஸ்தீனத்து ஆயர் மன்றம் பெலாகியரை விடுவித்தது. 417-ல் பாப்பரசர் இன்னொசெந்து அவரைக் கண்டித்தனர். அவர்க்குப்பின் வந்த சோசிமு முதலில் இரக்கங் காட்டினர். 418 ஏப்ரல் 30-ல் பேரரசன் ஹொனோரியு பெலாகியரையும் செலெஸ்தியரையும் உரோமாபுரியினின்று துரத்த ஆணையிட்டான். மறுநாளே கார்த்தேசு மன்றமுங் கூடிக் கண்டித்தது. பின்னர்ச் சோசிமுவும் கண்டன மடல் விடுத்தனர். அதற்குக் கையொப்பமிட மறுத்துப் பதவியிழந்த இத்தாலிய ஆயருள் எக்கிளானத்து யூலியானர் தலையாயவர். விருப்பமின்றிப் பாவமில்லை, குழவிக்கு விருப்பமில்லை என்பது அவர் துணிபு. அவர்க்கு எழுதிய மறுப்பு முற்றுப்பெறாமலே, வந்தாலர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த 430-ல் அகுஸ்தினார் இறந்தனர்.

அரசாணை வழக்கை முடித்தது, வினாவை முடிக்கவில்லை. கீழைத்திருச்சபையார் ஆதாமினின்று வருவது மரணமுங் கேடுமேயன்றி அவனது குற்றமன்று எனப் பெரும்பாலும் கொள்வர். மேலைத்திருச்சபையில் இடைக்கால அறிஞர் குழவிகட்குத் துன்பமும் இறைக்காட்சியும் இல்லாத லிம்போ என்னும் நிலையை வகுத்தனர். 1546-ல் திரெந்து பொதுச்சங்கம் சென்ம பாவத்தை மீண்டும் வலியுறுத்திற்று. எனினும் 1992-ல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், அது ஆதாமின் வழியினர் எவர்க்கும் தாமே செய்த குற்றமாகாது, பெற்ற நிலையேயாம் எனத் தெளித்தது. 2007-ல் உரோமாபுரியின் இறையியல் குழுவினர், ஞானஸ்நானமின்றி இறந்த குழவிகள் உய்வரென நம்புதற்குக் காரணங்கள் உளவென்றனர்.

கொள்கை நுட்பம் கல்லாத தாயொருத்தி, பிறந்தவன்றே இறந்த மகவை மடியிலேந்தி, இஃது என்ன பிழை செய்தது என்று கேட்பாளாயின், யூலியானர் சொன்ன விடையே அவள் நெஞ்சுக்கு ஒக்கும். அவரைத் துரத்திய சபையே, அவர் பெயரைச் சொல்லாமலும் சென்ம பாவத்தைக் கைவிடாமலும், அவ்விடையின் அருகே வந்து நிற்கப் பதினைந்து நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. பிறப்பொடு வரும் குறை வேறு, தான் செய்யுங் குற்றம் வேறு என்னும் பாகுபாடு எத்துணை இன்றியமையாதது என்பது இவ்வரலாற்றால் இனிது விளங்கும்.