குருவானவர் வராத ஞாயிறுகள்

திருச்சபை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் பேராயர்களின் பட்டியலிலிருந்தே தொடங்குவர். எந்த ஆண்டில் எவர் பதவியேற்றார், எந்தக் கோயிலுக்கு எவர் அடிக்கல் நாட்டினார், எந்தத் துரை நிலம் கொடுத்தார் என்னும் செய்திகள் கல்லில் பொறிக்கப்படுவதால் அவை எளிதில் கைக்குக் கிட்டுகின்றன. ஆனால், ஒரு சபை உயிரோடிருப்பது கல்லினால் அன்று. ஞாயிறுதோறும் கதவைத் திறந்து, மணியடித்து, வேதபாடம் வாசித்து, காணிக்கையை எண்ணிக் கணக்கெழுதி, நோயுற்றவரின் லயத்துக்கு நடந்து சென்றவர்களே அதனை வாழவைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குருப்பட்டம் பெற்றவரல்லர். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களைப் போன்ற இடங்களில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் கதையை இவர்களிடமிருந்து தொடங்குவதே முறை எனலாம்.

மலையும் மக்களும்

1885-ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த இம்மேட்டுநிலம், நாற்பதாண்டுக் காலம் காடாகவே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்வையிட்ட பின்னரே இதனை மலைவாசத் தலமாக்கும் எண்ணம் உருப்பெற்றது. தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1931-இல் நிறைவுற்றது. அதற்கு முன்பே, 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். அவருக்குத் துணைநின்ற ஏ. பி. மில்ன் இலங்கையில் தேயிலை வளர்த்துத் தேர்ந்தவர்.

மில்னின் இலங்கைத் தொடர்பு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. தேயிலைச் செடி மட்டுமா இலங்கையிலிருந்து வந்தது? அதனை வளர்க்கும் முறையும், தோட்டத்தை ஆளும் முறையும் உடன் வந்தன. மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்கும் கீழே கங்காணியும் மண்டோரும், எல்லாருக்கும் கீழே கொழுந்து பறிக்கும் கைகள். ஒருவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை அவன் குடியிருந்த வீடே காட்டிவிடும். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் இதே வரிசைதான் நிலவியது.

இங்குக் குடியேறிய தமிழருள் பெரும்பான்மையோர் மாரியம்மனையும் முருகனையும் வழிபட்டவர்கள். கிறித்தவர்கள் சிறு தொகையினரே. அச்சிறு தொகைக்குள்ளும் கத்தோலிக்கர், மெதடிஸ்டர், லுத்தரன் சபையினர், ஆங்கிலிக்கர் எனப் பிரிவுகள் இருந்தன. மலாயாவின் தமிழ் ஆங்கிலிக்கக் குடும்பங்கள் பலவற்றின் வேர் திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. ஆகவே, தோட்டத்துச் சபையைப் புரிந்துகொள்ள நாம் முதலில் பொருநைக் கரைக்குச் செல்ல வேண்டும்.

திருநெல்வேலி தந்த அமைப்பு

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், ஊர்தோறும் ஓர் உபதேசியாரை அமர்த்தும் முறையை விரிவாக்கினார். உபதேசியார் குருவானவர் அல்லர். ஊர் மக்களுள் ஒருவர். அவரே சிறுவருக்கு எழுத்தறிவித்தார். மாலை ஜெபம் நடத்தினார். சாவு வீட்டில் முன்னின்றார். பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். சேகரம் முழுவதற்கும் ஒரு குரு. இச்சொற்கள் இன்றும் தென்பாண்டிச் சீமையில் வழங்குகின்றன.

இலண்டனில் 1841 முதல் 1872 வரை சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளராயிருந்த ஹென்றி வென், ஒரு சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்தினார். திருநெல்வேலியில் சபை மன்றங்கள் எழுந்தது இக்கொள்கையின் பயனே. பனையேறியும் உழவரும் நெசவாளரும் ஒரு மன்றத்தில் அமர்ந்து, குருவின் சம்பளத்தையும் கோயிலின் கூரையையும் பற்றிப் பேசி முடிவெடுக்கலாயினர். அக்காலத்துச் சமுதாயத்தில் இது சிறிய செய்தியன்று.

இவ்வமைப்பு கடலையும் கடந்தது. 1854-இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலியிலிருந்தே உபதேசியார்களை வரவழைத்தது. 1869-க்குப் பின் இலைநோயால் காப்பி அழிந்து தேயிலை எழுந்தபோதும் அவர்களின் பணி தொடர்ந்தது. ஒரு குரு பல தோட்டங்களைச் சுற்றிவர வேண்டியிருந்தமையால், அன்றாடப் பொறுப்பு உபதேசியாரின் தோளிலேயே விழுந்தது. ஆனால், அவர் பெற்ற ஊதியத்தில் ஒரு பகுதி தோட்டத் துரைமார் அளித்த நன்கொடையிலிருந்து வந்தது. தொழிலாளியின் துயரத்தை அவனுடைய மொழியிலேயே கேட்டறிந்தவர், துரையின் பணத்தால் உணவுண்டார். இம்முரண் அவருடைய பதவியோடே பிறந்தது. பிற்காலத்தில் அம்மிஷனின் பெயரிலிருந்து ‘கூலி’ என்னும் சொல் நீக்கப்பட்டது. முரண் அவ்வளவு எளிதில் நீங்கவில்லை.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொடக்கம் இதனையே ஒத்திருந்தது. இலங்கையில் பிறந்த வில்லியம் ஹென்றி கோமஸ் ஐயர், 1872-இல் சிங்கப்பூருக்கு வந்து, சீனரிடையிலும் தமிழரிடையிலும் ஒருங்கே பணியாற்றினார். பினாங்கில் ராயப்பன் பாலவேந்திரம் ஐயர் தமிழ்ச் சபையைப் பேணினார். 1909-இல் சிங்கப்பூர் தனிப் பேராயமாகி, மலாயாவின் சபைகள் அதன் ஆட்சிக்குள் வந்தன.

பேராயரும் வார்டனும்

ஆங்கிலிக்கன் திருச்சபை பேராயர் ஆட்சிமுறையைக் கொண்டது. பேராயர், குரு, டீக்கன் எனப்படும் உதவிக்குரு என அதன் திருப்பணி மூன்று நிலைப்பட்டது. பேராயரிடமிருந்தே குரு பட்டம் பெறுகிறார். குருவே திருவிருந்தை நடத்த வல்லவர். இந்த அளவில் நோக்கினால், அதிகாரம் முழுவதும் மேலிருந்து கீழே இறங்குவதாகத் தோன்றும்.

ஆயினும், அதே அமைப்பினுள் கீழிருந்து மேலே செல்லும் பாதை ஒன்றும் உண்டு. ஆங்கில நாட்டு மரபுப்படி கோயிலுக்கு இரு வார்டன்கள். ஒருவரைக் குருவானவர் நியமிப்பார்; மற்றவரைச் சபையார் தேர்ந்தெடுப்பர். கோயிலின் உடைமைகள் அவர்கள் பொறுப்பில் இருக்கும். ஆண்டுக்கொரு முறை சபை கூடும். பொருளாளர் வரவுசெலவை வாசிப்பார். சபை மன்றத்துக்கு உறுப்பினர் தெரிவு செய்யப்படுவர். பேராயரின் உரிமம் பெற்ற வாசகர், குரு இல்லாத நாளில் காலை ஜெபத்தையும் மாலை ஜெபத்தையும் நடத்தலாம். இன்னும், சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்குக் குரு கிட்டாதவிடத்துச் சபையாருள் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்.

இவ்விதிகளை நகரத்துப் பெருங்கோயிலில் வைத்துப் பார்த்தால் அவை வெறும் நிருவாக ஒழுங்குகள். குரு எப்போதும் அருகிலிருப்பதால் பிறர் துணைவராகவே நிற்பர். அவற்றையே மலைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு குரு பல இடங்களுக்குப் பொதுவாயிருக்கும்போது, அவர் வரும் ஞாயிறுகளைவிட வராத ஞாயிறுகளே மிகுதி. அந்நாள்களில் வாசகரின் குரலே சபையின் குரல். வார்டனின் திறவுகோலே கோயிலின் கதவு. விதிப்புத்தகத்தில் விலக்காக எழுதப்பட்டவை, தோட்டத்தில் வழக்கமாயின.

இதன் சமுதாயப் பொருளை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். ஆறு நாளும் பெயர் கூப்பிடக் கேட்டுப் பதில் சொல்லி நிற்கும் ஒருவனுக்கு, ஏழாம் நாளில் தன் கையை உயர்த்தி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கிறது. கணக்கு எங்கே என்று அவன் கேட்கலாம். கேட்டால் விடை சொல்லியாக வேண்டும். கூட்டக் குறிப்பு எழுதுதல், தீர்மானம் முன்மொழிதல், பொதுப்பணத்தைக் காத்தல் ஆகியவை அக்காலத்துத் தோட்டத் தொழிலாளி வேறெங்கும் எளிதில் பயில முடியாத பயிற்சிகள். மாரியம்மன் கோயில் நிருவாகக் குழுவிலும், பின்னாளில் 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைகளிலும் தேவைப்பட்டவை இதே திறன்களே.

எனினும், உண்மையின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரோ அவரே செயலாளராவது இயல்பு. தோட்டத்தில் அவர் பெரும்பாலும் கிராணியாகவோ ஆசிரியராகவோ இருப்பார். ஆகவே, அலுவலகத்து வரிசை கோயிலுக்குள்ளும் மெல்ல நுழைய இடமிருந்தது. சாதியோ திருநெல்வேலியிலேயே திருச்சபை போராடிய சிக்கல்; கடல் கடந்ததனால் அது கரைந்துவிடவில்லை. பெண்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்போருள் பெண்களே மிகுதி. கோயிலைப் பெருக்கி மலர் வைத்தவர்களும் அவர்களே. ஆயினும், மன்றத்தின் மேசையருகே அவர்களுக்கு இருக்கை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1876-இல் இங்கிலாந்தில் மேரி சம்னர் தொடங்கிய அன்னையர் சங்கம் உலகெங்கும் பரவியபோது, பல நாட்டுப் பெண்களுக்கு அதுவே சபையில் முதற்பொறுப்பாயிற்று.

நிறவேற்றுமை பற்றிய கேள்வியும் இருந்தது. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1910-இல் எடின்பரோ மாநாட்டில், மேலைநாட்டு மிஷனெரிகள் இந்திய ஊழியரைச் சம நண்பராக நடத்தவில்லை என்று வெளிப்படையாக முறையிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1912-இல், அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். முறையீடு செய்தவரே பொறுப்பேற்ற அந்நிகழ்ச்சி, உலகெங்குமுள்ள தமிழ்ச் சபைகளுக்கு ஒரு நம்பிக்கையை அளித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

போர் நடத்திய தேர்வு

1942-இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. ஆங்கிலேயக் குருமாருள் பெரும்பாலோர் சிறைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். பேராயர் லியோனர்ட் வில்சன் ஓராண்டுக் காலம் வெளியே பணிசெய்ய இசைவு பெற்றார்; 1943 மார்ச்சில் அவரும் சாங்கி முகாமுக்குச் சென்றார்; அவ்வாண்டு அக்டோபரில் கெம்பெய்தாய் இராணுவக் காவலரின் கொடிய வதைக்கு ஆளானார்.

அப்போது பேராயத்தின் பொறுப்பு யாரிடம் வந்தது? டி. டி. செல்லையா என்னும் தமிழரிடம். அவர் ஆசிரியப் பணியிலிருந்து குருப்பணிக்கு வந்தவர். நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கை பற்றி ஆய்ந்து முனைவரானவர். வெளிநாட்டார் இல்லாவிடில் இச்சபை நிலைக்குமா என்ற ஐயத்துக்கு அந்த ஆண்டுகள் விடையளித்தன. உள்ளூர்க் குருமாரும் வாசகரும் வார்டன்களும் சபையைக் கலையாமல் காத்தனர். பல்லாயிரம் தோட்டத் தமிழர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கொடுங்காலம் அது என்பதையும் நினைத்தால், காத்தல் என்னும் சொல்லின் கனம் விளங்கும்.

அதே போர்க்காலத்தில், குருமார் செல்ல முடியாத மக்காவில் சபையைத் தாங்கிய புளோரன்ஸ் லீ டிம்-ஓய் என்னும் சீனப் பெண்மணிக்கு, 1944 ஜனவரியில் ஹாங்காங் பேராயர் ஹால் குருப்பட்டம் அளித்தார். ஆங்கிலிக்கன் உலகில் குருவான முதற்பெண் அவரே. குரு வராத ஞாயிறுகள் சில வேளை விதிகளையே மாற்ற வல்லவை என்பதற்கு இது சான்று.

இரும்புக் கூரையின் கீழ்

கேமரன் மலையில் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்கிற்கும் இடையே ஆல் சோல்ஸ் ஆலயம் இருக்கிறது. தமிழில் அனைத்து ஆன்மாக்களின் ஆலயம் எனலாம். 1934-இல் இம்மலையில் உறைவிடப் பள்ளி தொடங்கிய ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் அம்மையார் அதற்கு நிலம் அளித்தார். கட்டடமோ, இராணுவத்தார் பயன்படுத்தும் நிசன் கொட்டகை. அரைவட்டமாய் வளைந்த இரும்புத் தகட்டுக் கூரை. கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் கொண்டு பெருமைப்படும் கோயில் அன்று அது.

இவ்வாலயம் உலகச் செய்தியில் இடம்பெற்றது ஒரே ஒரு நாளால். 1967 மார்ச் 26, உயிர்த்தெழுதல் திருநாள். தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், நண்பர்களோடு அன்று காலை இங்கு ஆராதனையில் கலந்துகொண்டார். பிற்பகலில் தங்கியிருந்த மாளிகையிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவே இல்லை. அவரைத் தேடிப் படையினர் காட்டுக்குள் சென்றனர். அவரைப் பற்றிப் புத்தகங்கள் எழுந்தன. ஒருநாள் விருந்தினராக வந்தவர் அமர்ந்த இருக்கையை உலகம் இன்றும் பேசுகிறது. அன்று அதிகாலையில் அந்த இருக்கையைத் துடைத்து வைத்தவரைப் பற்றி ஒரு வரி எழுதியவர் உண்டா?

குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. வரலாறு யாரை நோக்கித் திரும்புகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை.

நம் கடமை

1970-இல் மேற்கு மலேசியா தனிப் பேராயமாயிற்று. 1973-இல் ஜான் சவரிமுத்து அதன் பேராயராகி, 1994 வரை அப்பதவியில் இருந்தார். உபதேசியாராகக் கப்பலேறிய சமூகத்திலிருந்து பேராயர் ஒருவர் எழுந்தது நாம் மகிழத்தக்க வளர்ச்சியே. ஆனால், அப்பெருமைக்கு அடித்தளமிட்டவர்கள் மறைந்துகொண்டிருக்கின்றனர். தேயிலைத் தோட்டங்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளரும் கொழுந்து வெட்டும் இயந்திரங்களும் பெருகியுள்ளனர். தமிழ்க் குடும்பங்கள் பல மலையை விட்டு இறங்கிவிட்டன. குடும்பம் பெயரும்போது தட்டுமுட்டுச் சாமான்கள் லாரியில் ஏறும். பழைய கணக்குப் புத்தகம் மட்டும் குப்பையில் சேரும்.

ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, சபை மன்றத்தின் கூட்டக் குறிப்பு, காணிக்கைக் கணக்கு ஆகியவை சமயத்துக்கு மட்டும் உரிய ஆவணங்கள் அல்ல. நாட்கூலி பெற்ற ஒரு தொழிலாளி எந்த ஆண்டில் எத்தனை காசு கொடுத்தான், தன் மகளுக்கு என்ன பெயரிட்டான், கூட்டத்தில் எதை எதிர்த்துப் பேசினான் என்பவற்றை இவையன்றி வேறெவை நமக்குச் சொல்லும்? தோட்டத்து அலுவலகப் பதிவேட்டில் அவன் ஓர் எண். சபைப் பதிவேட்டிலோ அவனுக்குத் தந்தை பெயரும் ஊரும் உண்டு.

மாரியம்மன் கோயில் குறிப்பேடுகளுக்கும் தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேடுகளுக்கும் இது பொருந்தும். எந்தச் சமயத்தவராயினும், நம் எழுத்தாளர்கள் தத்தம் ஊரில் ஒரு முதிய வார்டனையோ பூசாரியையோ ஆசிரியரையோ அணுகி, அவருடைய பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். இருப்பதைப் படியெடுக்க வேண்டும். அவர் நினைவில் உள்ளதை எழுதிக்கொள்ள வேண்டும். பேராயர்களின் பட்டியல் எங்கும் போய்விடாது. அந்தப் பெட்டியின் சொந்தக்காரருக்கோ வயது எண்பதைத் தாண்டிவிட்டது.