சங்கிலிவாளும் ஒரு புழுவும்

1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்கைத் தாக்கிய சூறாவளி, நமது கரையோரத் தென்னைகளைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தது. இன்று அவ்வாறு மரம் வீழ்ந்தால், அதனை விறகாக்க நாம் தேடுவது சங்கிலிவாளையே.

அதன் சங்கிலிக்குச் சுவையான வரலாறு உண்டு. 1946இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் கொக்ஸ் என்ற மரவெட்டி, வண்டுப்புழுவொன்று இடமும் வலமுமாக மரத்தை அரித்துச் செல்வதைக் கண்டார். அப்புழுவின் தாடையைப் பின்பற்றி அவர் 1947இல் உருவாக்கிய பற்களே இன்றைய சங்கிலிகளுக்கு மூலம்.

வெட்டும் வேகத்தோடு ஆபத்தும் வளர்ந்தது. சங்கிலி ஓடும் பட்டையின் நுனி மேற்புறம் மரத்தில் பட்டால், வாள் கணப்பொழுதில் வெட்டுபவர்மீது பின்னுதைக்கும். 1970களில் சங்கிலியை உடனே நிறுத்தும் தடை வந்தது. ஆயினும் முதற்காவல் நமது தெரிவுதான். பட்டை நீண்டால் நுனியைக் கவனிப்பது கடினம். சாதாரண விறகுக்கு 14 அல்லது 16 அங்குலமே போதும். பின்னுதைப்பைக் குறைக்கும் சங்கிலியையே கேட்டு வாங்குங்கள். கண்ணிகளின் இடைவெளி, பட்டைக் காடியில் ஓடும் பற்களின் தடிப்பு, அவற்றின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பட்டைக்கும் வாளுக்கும் பொருந்த வேண்டும்.

இலங்கையில் 2018இல் சங்கிலிவாள்களைப் பொலிஸில் பதிவுசெய்யப் பணித்தார்கள். அது காட்டைக் காக்க வந்த விதி. கையைக் காக்கும் விதியை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.