தட்டில் பறக்கும் கொடி

ஒரு நாட்டின் தேசியக் கொடியை அடுப்பில் ஏற்றி, வேகவைத்து, தட்டில் போட்டுச் சாப்பிட முடியுமா? நம்மூரில் யாராவது முயன்றால் உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். டொமினிக்கன் குடியரசில் தினமும் மதியம் அதைத்தான் செய்கிறார்கள்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பெயரே ‘லா பந்தேரா’. ஸ்பானிஷ் மொழியில், கொடி. வெள்ளைச் சோறு, சிவப்பு பீன்ஸ் குழம்பு, கூடவே கொஞ்சம் கறி. அவ்வளவுதான். அந்த நாட்டுக் கொடியில் இருக்கும் நிறங்களோ சிவப்பு, வெள்ளை, நீலம். நீலம் எங்கே என்று கேட்காதீர்கள். நீல நிறத்தில் எதைச் சமைப்பது? அந்த இடத்தைக் கறிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நாடு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கியூபாவுக்குக் கிழக்கே ஹிஸ்பானியோலா என்றொரு தீவு. அதன் மேற்குப் பக்கம், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஹெய்ட்டி. மிச்சமெல்லாம் டொமினிக்கன் குடியரசு. ஒரே தீவு. இரண்டு தேசம், இரண்டு மொழி, தீராத பகை. பகைக்குக் காரணம் தேடினால் அது பெரும்பாலும் சமையலறைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. அதனால் சமைத்துக்கொண்டே பேசலாம், வாருங்கள்.

முதலில் சோறு. குக்கரை எடுத்து உள்ளே வையுங்கள். அங்கே ‘கால்தெரோ’ என்று கனமான அலுமினியப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் அடிகனமான எந்தப் பாத்திரமும் போதும். தண்ணீர், எண்ணெய், உப்பு மூன்றையும் கொதிக்கவிட்டு அரிசியைப் போடவேண்டும். தண்ணீர் வற்றும்வரை அவ்வப்போது கிளறி, பிறகு மூடி போட்டுத் தணலைக் குறைத்துவிடவேண்டும். சோறு வெந்ததும் அடியில் பொன்னிறமாக ஒரு தோல் பிடித்திருக்கும். அதற்குப் பெயர் ‘கொன்கொன்’. நம் வீட்டில் அடிப்பிடித்தால் சமைத்தவருக்குத் திட்டு விழும். அங்கே அதைச் சுரண்டி எடுப்பதற்குச் சண்டையே நடக்கும்.

அடுத்து பீன்ஸ். நம் கடைகளில் ராஜ்மா என்று கிடைக்கிறதே, அது. முதல் நாள் இரவே ஊறப்போட்டு வேகவைத்துவிடுங்கள். எண்ணெயில் பூண்டு, வெங்காயம், குடைமிளகாய், கொத்தமல்லி, ஓரிகானோ, கொஞ்சம் தக்காளி விழுது. அதில் பீன்ஸைக் கொட்டி, நாலைந்து துண்டு பரங்கிக்காய் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். பரங்கிக்காய் கரைந்துதான் குழம்பு கெட்டிப்படும். கை பழக்கதோஷத்தில் மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடும். தொடாதீர்கள். டொமினிக்கன்காரர்களுக்குக் காரம் ஆகாது.

இந்த பீன்ஸும் பரங்கியும்தான் தட்டில் இருக்கும் உண்மையான மண்ணின் மைந்தர்கள். கொலம்பஸ் 1492 டிசம்பரில் அந்தத் தீவில் கால் வைத்தபோது அங்கே தாய்னோ என்கிற பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள். மண்ணை மேடு மேடாகக் குவித்து மரவள்ளி, பீன்ஸ், பரங்கி எல்லாம் பயிர் செய்தார்கள். அவர்கள் பயிரிட்ட மரவள்ளியில் ஒரு ரகம் சயனைடு விஷம் உள்ளது. அதைத் துருவி, பிழிந்து, விஷச் சாற்றை வடித்துவிட்டு, கல்லில் மொறுமொறுவென்று சுட்டு எடுத்தார்கள். ‘கசாபே’. மாதக்கணக்கில் கெடாது.

ஸ்பானியர்கள் கோதுமை கொண்டுவந்து விதைத்துப் பார்த்தார்கள். விளையவில்லை. கசாபே தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். சோறு போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? தங்கச் சுரங்கத்தில் அடிமை வேலை. பட்டினி. நோய். வந்து இருபத்து சொச்சம் வருடங்களில், 1514-ல் தலை எண்ணியபோது ஏறத்தாழ 26 ஆயிரம் பேர்தான் தேறினார்கள். முதலில் எத்தனை லட்சம் பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். கசாபே மட்டும் தப்பித்துவிட்டது. 2024-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கியூபா, ஹெய்ட்டி, ஹோண்டுராஸ், வெனிசுவேலா ஆகியவற்றுடன் சேர்ந்து டொமினிக்கன் குடியரசு வாங்கிய கௌரவம் அது.

தாய்னோக்கள் போன இடத்தை நிரப்ப ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு. அமெரிக்கக் கண்டத்தில் முதன்முதலாகக் கரும்பாலை ஓடியது இந்தத் தீவில்தான். அதே அடிமை வணிகப் பாதையில் வந்த இன்னொரு சங்கதி நமக்கு நெருங்கிய சொந்தம். துவரை! இந்தியாவில் பிறந்து, ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து கடல் தாண்டியது. ‘குவாந்தூலஸ்’ என்கிறார்கள். நாம் அதை உடைத்துப் பருப்பாக்கிச் சாம்பார் வைக்கிறோம். அவர்கள் பச்சையாக உரித்து அரிசியோடு, சில ஊர்களில் தேங்காய்ப் பாலும் விட்டு, ஒன்றாக வேகவைக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு அது இல்லாமல் பந்தி நடக்காது.

இப்போது கறி. கோழி என்று வைத்துக்கொள்வோம். எலுமிச்சைச் சாறு, பூண்டு, ஓரிகானோவில் ஊறவைத்து, எண்ணெயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கருக்கி, அந்தக் கருஞ்சிவப்பில் துண்டுகளைப் போட்டுப் பிரட்டவேண்டும். நிறமும் ருசியும் அங்கேதான் ஏறுகிறது. மாட்டிறைச்சியையும் இதே மாதிரி செய்வார்கள். அந்த மாட்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாகவேண்டும். தீவு இரண்டாகப் பிளந்ததே அதனால்தான்.

கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில், 1493-ல், கப்பலில் மாடுகளையும் கொண்டுவந்தார். புல் நிறைய, புலி இல்லை. காட்டில் பெருகித் தள்ளிவிட்டன. வடக்கிலும் மேற்கிலும் இருந்த மக்கள் அந்த மாட்டுத் தோலை டச்சுக்காரர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் கள்ளத்தனமாக விற்று வயிறு வளர்த்தார்கள். ஸ்பெயின் ராஜாவின் சட்டப்படி ஸ்பெயினுக்கு மட்டும்தான் விற்கலாம். ஆனால் ஸ்பெயின் கப்பல் எப்போதாவதுதான் வரும். கூடவே புராட்டஸ்டண்ட் பைபிள்கள் வேறு கரையிறங்க, கத்தோலிக்க ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

என்ன செய்தார்? கடத்தலை நிறுத்த ஊரையே காலி பண்ணச் சொன்னார்.

1605, 1606. கவர்னர் அந்தோனியோ ஒஸோரியோ படையோடு போய் புவர்ட்டோ பிளாட்டா, மோன்ட்டே கிறிஸ்டி முதலான ஊர்களைக் கொளுத்தினார். மக்களைத் தலைநகரம் பக்கம் ஓட்டிவந்தார். மனிதர்களை ஓட்டலாம், மாட்டை? பெரும்பகுதி காட்டிலேயே நின்றுவிட்டது. ஆளில்லாத கரை, கேட்பாரற்ற கறி. பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சுட்ட மாட்டின் இறைச்சியை ‘புகான்’ என்கிற மரச்சட்டத்தில் புகைபோட்டுப் பதப்படுத்தினார்கள். அதனால் புகனீயர்கள். பிற்பாடு இதே ஆசாமிகள் கப்பல்களையும் கொள்ளையடிக்க ஆரம்பிக்க, அந்தப் பெயரே கடற்கொள்ளையருக்கு நிலைத்துவிட்டது.

1697-ல் ஓர் ஒப்பந்தத்தின் வழியாக மேற்குப் பகுதி பிரான்ஸுக்குப் போயே போய்விட்டது. அடிமைகள் புரட்சி செய்து 1804-ல் ஹெய்ட்டி ஆனது அதுதான். வணிகவியல் படித்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்லலாம். சுங்க வரி ஏய்ப்பைத் தடுக்கப் போய் மூன்றில் ஒரு பங்கு நிலத்தையே தொலைத்த நிர்வாகம் வேறு எங்காவது இருக்குமா, தெரியாது.

பிறகு ஹெய்ட்டி, 1822-லிருந்து 1844 வரை கிழக்குப் பகுதியையும் சேர்த்து ஆண்டது. 1844 பிப்ரவரி 27 அன்று டொமினிக்கன்காரர்கள் பிரிந்து தனி நாடானார்கள். கவனியுங்கள், அவர்கள் சுதந்திர தினம் கொண்டாடுவது ஸ்பெயினிடமிருந்து பெற்ற விடுதலைக்காக அல்ல. ஹெய்ட்டியிடமிருந்து பெற்ற விடுதலைக்காக. கொடியும் ஹெய்ட்டியின் சிவப்பு நீலத்தை எடுத்து, நடுவே வெள்ளைச் சிலுவை போட்டதுதான்.

1930-ல் ரஃபேல் துருஹியோ ஆட்சியைப் பிடித்தார். அமெரிக்க மரைன்கள் பயிற்சி கொடுத்து வளர்த்த ராணுவ ஆள். தலைநகர் சாந்தோ தொமிங்கோவின் பெயரையே 1936-ல் சியுதாத் துருஹியோ, அதாவது துருஹியோ நகரம், என்று மாற்றிக்கொண்ட மனிதர். அவர் முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று உப்பு. உப்பு வணிகம் மொத்தத்தையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தார். விலை பல மடங்கு ஏறியது. அப்புறம் கறி, பால், கடலை எண்ணெய். மோனோபலிக்கு உதாரணம் தேடும் மாணவர்கள் துருஹியோவைப் படித்தால் போதும். ஒரு டொமினிக்கன் அம்மா மதியச் சமையலுக்கு உட்கார்ந்தால் சர்வாதிகாரிக்குக் கப்பம் கட்டாமல் அடுப்பை அணைக்க முடியாது.

அரிசியும் அவர் கதையில்தான் வருகிறது. அதுவரை அந்த மக்களின் அன்றாடச் சாப்பாடு வாழைக்காயும் கிழங்கும்தான். அரிசியில் பெரும்பகுதி இறக்குமதி. துருஹியோ இறக்குமதிக்கு வரி போட்டார், கால்வாய் வெட்டினார், நெல் போடச் சொல்லி நிலம் கொடுத்தார். பத்து வருடத்துக்குள் வெளி அரிசி கிட்டத்தட்ட நின்றுபோனது. ஆக, தட்டில் இருக்கும் வெள்ளை அப்படியொன்றும் புராதனமானதில்லை.

நில்லுங்கள். குழம்பில் தூவ இன்னொரு இலை இருக்கிறது. பார்ஸ்லி. கொத்தமல்லிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஸ்பானிஷில் ‘பெரெஹில்’.

எல்லைப் பகுதியில் காலங்காலமாக ஹெய்ட்டிக்காரர்களும் டொமினிக்கன்காரர்களும் கலந்து வாழ்ந்தார்கள். கல்யாணம், சந்தை, சண்டை எல்லாம் சேர்ந்தே. 1937 அக்டோபர் 2-ம் தேதி, எல்லை ஊரான தஹபோனில் நடந்த ஒரு விருந்தில் துருஹியோ பேசினார். மாடு திருடுகிறார்கள், பயிரைத் திருடுகிறார்கள், இனி நடக்காது என்றார். கொலைகள் ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தன. ஒரு வார காலம் சிப்பாய்கள் வெட்டினார்கள். துப்பாக்கியால் அல்ல, வெட்டரிவாளால். அப்போதுதானே கோபப்பட்ட விவசாயிகள் வெட்டினார்கள் என்று கதை கட்டலாம்.

யார் ஹெய்ட்டிக்காரர் என்று கண்டுபிடிக்க, ஒரு கொத்து பார்ஸ்லியைக் காட்டி இது என்ன என்று கேட்டார்களாம். ஹெய்ட்டியின் கிரியோல் பேசிப் பழகிய நாக்குக்கு ‘பெரெஹில்’லின் ‘ரெ’ புரளாது. புரளாவிட்டால் வெட்டு. பார்ஸ்லி படுகொலை என்றே பெயர் வந்துவிட்டது. எல்லையில் பிறந்தவர்கள் இரண்டு மொழியும் சரளமாகப் பேசினார்கள், அவர்களை உச்சரிப்பு காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை என்கிறார்கள் பின்னாளில் ஆராய்ந்தவர்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கொல்ல முடிவெடுத்தவனுக்குப் பரீட்சை எதற்கு?

செத்தவர்கள் எத்தனை பேர்? சில ஆயிரம் என்பவர்களும் உண்டு, 20 ஆயிரத்துக்கு மேல் என்பவர்களும் உண்டு. பலரும் 15 ஆயிரத்தைச் சுற்றி நிற்கிறார்கள். உடல்கள் மிதந்த ஆற்றுக்குப் பெயர் மாசாக்ரே. படுகொலை ஆறு. அது 1937-ல் வைத்த பெயர் இல்லை. அதற்கு 200 வருடம் முன்பே புகனீயர்களை வெட்டியதால் வந்தது. நஷ்டஈடாக ஏழரை லட்சம் டாலர் பேசி, கடைசியில் ஐந்தேகால் லட்சமாகக் குறைத்தார்கள். அதிலும் பாதிக்கப்பட்டவர்கள் கைக்குப் போனது சொற்பம். இத்தனைக்கும் துருஹியோவின் அம்மாவைப் பெற்ற பாட்டி ஹெய்ட்டி வம்சாவளி.

உலகம் முகம் சுளித்தது. துருஹியோ மறு வருடமே முகத்தைக் கழுவிக்கொண்டார். 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியானில் யூத அகதிகளுக்காக மாநாடு. நாடுகள் எல்லாம் கையை விரிக்க, ஒரு லட்சம் பேர் வரை ஏற்கத் தயார் என்றது டொமினிக்கன் குடியரசு. வந்து சேர்ந்து குடியேறியவர்கள் சில நூறு பேர்தான். 1940-லிருந்து வடகரையில் சோசுவா என்கிற இடத்தில் மாடு வளர்த்து, வெண்ணெயும் சீஸும் செய்து விற்றார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பிய உயிர்கள். கொடுத்த கை எதுவாக இருந்தாலும் அந்த உயிர்கள் நிஜம்.

1961 மே 30 இரவு காரில் போய்க்கொண்டிருந்தபோது துருஹியோவைச் சுட்டுக் கொன்றார்கள். உப்பு விலை இறங்கியிருக்கும். பகை இறங்கவில்லை. 2013 செப்டம்பரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், முறையான ஆவணமில்லாத பெற்றோருக்கு 1929-க்குப் பிறகு அங்கேயே பிறந்தவர்களும் குடிமக்கள் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. பெரும்பாலும் கரும்பு வெட்ட அழைத்துவரப்பட்ட ஹெய்ட்டிக் கூலிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். உலகம் சத்தம் போட்டதால் 2014-ல் ஒரு சட்டம் போட்டு ஒரு பகுதியினருக்கு மட்டும் வழி விட்டார்கள்.

2023-ல் மறுபடி அதே மாசாக்ரே ஆறு. ஹெய்ட்டி பக்கத்து விவசாயிகள், வறண்டு கிடந்த தங்கள் சமவெளிக்கு அதிலிருந்து கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள். செப்டம்பர் 15 அன்று டொமினிக்கன் ஜனாதிபதி லூயிஸ் அபிநாதெர் எல்லை மொத்தத்தையும் மூடினார். தஹபோன் சந்தையில் அரிசியும் முட்டையும் வாங்குவோர் இல்லாமல் தேங்கின. அக்டோபரில் வியாபாரத்துக்கு மட்டும் கதவைத் திறந்தபோது, கோபத்தில் ஹெய்ட்டிக்காரர்கள் தங்கள் பக்கத்துக் கதவைத் திறக்க மறுத்துவிட்டார்கள். கால்வாய் வேலையும் நிற்கவில்லை. அவர்களுக்கும் நெல்லுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.