ஆங்கிலத்தின் ‘ரன்’, தமிழின் ‘ஓடு’

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் நெடுங்காலம் மிகுதியான இடத்தைப் பிடித்திருந்த வினைச்சொல் ‘செட்’. அகராதியைத் திருத்தும் பணியில் அந்த இடத்துக்கு ‘ரன்’ வந்தது. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் ஒன்பது மாதம் இந்த ஒரு சொல்லிலேயே உழைத்தார்.

நம் ‘ஓடு’வும் சளைத்ததல்ல. (கூரை ஓடு வேறு சொல், இந்தக் கணக்கில் சேராது.) ஆறு ஓடுகிறது, பேருந்து ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது. பதற்றத்தில் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இவற்றில் முதல் மூன்றுக்கும் ஆங்கிலேயரும் ‘ரன்’ என்றே சொல்வார்கள். ஆனால் ஒருவர் கடை நடத்துவதும் ‘ரன்’, குளிக்கத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுவதும் ‘ரன்’. தானாக ஓடுவதும் பிறவற்றை ஓடச் செய்வதும் அங்கே ஒரே சொல்.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதற்கு ஒரு வினை, ஓடச் செய்வதற்கு அதோடு உறவுள்ள இன்னொரு வினை என இரண்டு இருந்தன. பின்னர் இரண்டும் கலந்து ஒன்றாயின. ‘ரன்’ இவ்வளவு பருத்ததற்கு இது முக்கியக் காரணம் என்றே கருதுகிறேன். தமிழ் அந்த இணையை இழக்கவில்லை. டகரத்தை இரட்டித்தால் போதும், ‘ஓடு’ ‘ஓட்டு’ ஆகிவிடும். வண்டி ஓடுகிறது, ஓட்டுநர் ஓட்டுகிறார். குடும்பத்தை ஓட்டுகிறோம், பொழுதை ஓட்டுகிறோம். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் ‘கார் ஓடத் தெரியுமா?’ என்று இயல்பாகக் கேட்பார்கள். அந்த இடத்தில் ஈழத்துப் பேச்சு ‘ரன்’ போன வழியிலேயே போகிறது. அதே ஈழத்து நாளிதழ்கள்தாம் கிரிக்கெட்டில் ‘ஓட்டம்’ என்று எழுதுகின்றன. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘ரன்’தான்.

இருமொழி அகராதிகளில் ‘ரன்’னுக்கு ‘ஓடு, இயங்கு, நடத்து’ என்று பொருள்களை வரிசையாக அடுக்கிவிடும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. எது ஓடுகிறது என்பதைப் பொறுத்தே தமிழ் வினை மாறும். மூக்கு ஒழுகும், சாயம் போகும், குழாயில் தண்ணீர் வரும், சர்க்கரை நோய் பரம்பரையாக வரும். தேர்தலோ இன்னும் சுவையானது. அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டிஷ் வேட்பாளர் நிற்கிறார். நம் வேட்பாளரும் நிற்கிறார்.

இரு சொற்களும் வளரும் விதத்திலும் பெரிய வேறுபாடு உண்டு. ‘ரன்’னுக்குப் பின்னால் ஒரு சிறு சொல் வந்தால் ஓட்டமே மறைந்துவிடலாம். ‘ரன் அவுட்’ என்றால் கையிருப்பு தீர்வது, ‘ரன் இன்டு’ என்றால் ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பது. தமிழில் பின்னால் வருவது இன்னொரு வினை. ஓடிவந்தான், ஓடிக்கொண்டிருந்தான், ஓடிவிட்டான் என எல்லாவற்றிலும் ஓட்டம் அப்படியே இருக்கிறது. திசையும் தொடர்ச்சியும் முடிவும்தான் கூடுகின்றன. காதலனோடு ஊரைவிட்டுப் போனவளைக் குறிக்கும் ‘ஓடிப்போனாள்’ போல ஒன்றிரண்டு மட்டும் பொருள் மாறி உறைந்திருக்கின்றன. சொல்பவரின் மனநிலையையும் இந்தத் துணைவினை சுமக்கும். ‘ஓடித் தொலைந்தான்’ என்பதில் உள்ள எரிச்சலை ஆங்கிலத்தில் கொண்டுவர, வினைக்கு வெளியே தனியாக ஒரு வசைச்சொல்லைத் தேட வேண்டியிருக்கும்.