பதிலில்லாத் தீர்மானங்கள்: திருச்சுழி வட்டாரத்திலிருந்து ஊராட்சி அதிகாரம் பற்றி

நியூயார்க் நகர மன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றி மேயருக்கு அனுப்பினால் அவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அவர் கையெழுத்திடலாம்; மறுத்துத் திருப்பியும் அனுப்பலாம். இரண்டும் செய்யாமல் சும்மா இருந்துவிட்டால் சட்டம் தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும். அவர் மறுத்தாலும், 51 பேர் கொண்ட மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் ஆதரித்தால் மறுப்பு செல்லாது. விருதுநகர் மாவட்டம் திருச்சுழிப் பக்கம் எம்.ரெட்டியபட்டி போன்ற ஓர் ஊரின் தீர்மானத்துக்கு இப்படி எந்தக் கெடுவும் இல்லை. மேலே போன தீர்மானத்துக்குப் பதில் வராவிட்டால் அது செத்துப்போனது என்று ஊரே புரிந்துகொள்கிறது. ஊராட்சிகளின் கையைக் கட்டிப்போடுவது ஆட்சியரின் ரத்து அதிகாரம்தான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கருத்து பாதிதான் சரி. பதில் சொல்லும் கடமை எந்த அலுவலகத்தின் மீதும் சுமத்தப்படவில்லை என்பதே பெரிய கட்டு என்பது என் வாதம்.

ரத்து அதிகாரத்தை முதலில் பார்ப்போம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் மாவட்ட ஆட்சியருக்கு ‘ஊராட்சிகளின் ஆய்வாளர்’ என்று பெயர். 202ஆம் பிரிவின்படி ஊராட்சியின் தீர்மானத்தையோ, ஆணையையோ, அது வழங்கிய உரிமத்தையோ அவர் நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். அதற்குக் காரணங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன: தீர்மானம் முறைப்படி நிறைவேறாதிருக்க வேண்டும், அல்லது அதிகாரம் மீறப்பட்டோ தவறாகப் பயன்படுத்தப்பட்டோ இருக்க வேண்டும், அல்லது உயிருக்கோ பொது அமைதிக்கோ ஆபத்து இருக்க வேண்டும். ஆணை எழுத்தில் இருக்க வேண்டும். ஊராட்சியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். ஊராட்சி இயற்றும் துணைவிதிகளுக்கும் ஆய்வாளரின் ஒப்புதல் தேவை. கடுமையான அதிகாரம்தான். ஆனாலும் இது கண்ணுக்குத் தெரியும் அதிகாரம். ஆணை கையில் இருந்தால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போடலாம். காரணம் தவறு என்று வாதாடலாம். ரத்தாகாமலும் நிறைவேறாமலும் கிடக்கும் தீர்மானத்தை வைத்துக்கொண்டு எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

இந்த வட்டாரத்தில் தீர்மானங்கள் எப்படிக் கிடப்பில் விழுகின்றன என்பதற்குக் கண்மாயைவிட நல்ல சான்று இல்லை. வரத்துக்காலைத் தூர்வாரி, கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலை வேரோடு எடுக்க வேண்டும் என்று கிராம சபை தீர்மானிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத் துறையுடையது. அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. நிலம் வருவாய்த் துறையின் ஆவணத்தில் இருக்கிறது. மரத்தை ஏலம் விட வனத்துறை மதிப்பீடு வேண்டும். வண்டல் அள்ளுவது கனிமச் சலுகை விதிகளுக்குள் வருகிறது. அந்த அனுமதி 2024இல்தான் வட்டாட்சியர் அளவுக்கு இறங்கிவந்தது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டினால், அது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த நீர்நிலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மடையும் கலுங்கும் ஊர்க்காரர் கண்ணெதிரே கிடக்க, ஒற்றைத் தீர்மானம் நான்கு அலுவலகங்களின் தபால் பெட்டிகளுக்குப் போகிறது. நால்வரில் எவரும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. ‘அது எங்கள் வரம்பில் இல்லை’ என்று ஒருவர் வாய்மொழியாகச் சொன்னாலே பெரிய விஷயம்.

இதே சீமைக்கருவேலை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டபோது நடந்தது வேறு. மாவட்ட நிர்வாகங்கள் இயந்திரங்களோடு கண்மாய்களில் இறங்கின. பின்னர் அதற்குத் தடையும் வந்தது. கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களின் கதி என்ன என்ற நியாயமான கேள்வியும் எழுந்தது. அந்த உத்தரவின் நன்மை தீமை இங்கே பொருட்டல்ல. பதில் சொல்லியாக வேண்டிய இடத்திலிருந்து கேள்வி வந்ததும் அத்தனை துறைகளுக்கும் தங்கள் வரம்பு எது என்பது சட்டென்று விளங்கிவிட்டது.

தீர்மானம் நிறைவேறும் விதமும் கவனிக்கத் தக்கது. ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் 2022இல் ஆறாயின: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்பவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்தன. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் 100 பேர். கூட்டப் பொருள்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்தே வருகின்றன: டெங்கு, தூய்மை, நூறு நாள் வேலை, வரவு செலவு. ஊராட்சிச் செயலர் அவற்றை வரிசையாக வாசித்து முடிப்பதற்குள் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள். ஊர் தானாகக் கொண்டுவரும் பொருள் ‘இதர’ என்ற கடைசித் தலைப்பின் கீழ், தீர்மானப் பதிவேட்டின் அடிப்பக்கத்தில் இரண்டு வரியாக இடம்பெறும். மேலிருந்து வந்த பொருளுக்கு மேலே ஒரு கணக்கு இருக்கிறது, அறிக்கை கேட்கப்படுகிறது. இந்த இரண்டு வரிக்கு அப்படி எதுவும் இல்லை.

ஊருக்குள்ளேயே இன்னொரு மறுப்பு உண்டு. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ‘செக் பவர்’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். துணைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் முறையாக நிறைவேறிய தீர்மானமும் நடக்காது. அவர் காரணம் எழுதித் தர வேண்டியதுமில்லை. தனித்தொகுதி ஊராட்சிகளில் இந்தப் பேனா எந்தச் சாதியின் கையில் இருக்கிறது என்பது தலைவரின் பதவிக் காலத்தையே தீர்மானித்துவிடுகிறது.

நடைமுறைப்படுத்துவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஊராட்சிக்குச் செயலர், தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் ஒரு கடைக்காரரின் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிகளுக்குத் தடை வந்தபோது அது மாநில ஆணை. அதை அமல்படுத்தும் வேலை, போதிய ஆள்பலம் இல்லாத ஊராட்சிக்கும் வந்தது. இதற்கு நேர்மாறாக, சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எந்த மன்றமும் நிறைவேற்றாத, எந்த ஆட்சியரும் ஒப்புதல் தராத விதி அது. ஊர்க்கட்டுப்பாடு என்றால் இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் அர்த்தம் தெரியும்.

அந்த ஊர்க்கட்டுப்பாட்டைப் புகழ்ந்து நிறுத்திவிட முடியாது. 1996க்குப் பிறகு பத்தாண்டுகள் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனித்தொகுதி ஊராட்சிகளில் தலைவர் பதவி நிலைத்து நடக்கவிடாமல் தடுத்தது அதே ஊர்க்கட்டுப்பாடுதான். 2006இல் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர, மாவட்ட நிர்வாகமும் அரசும் வெளியிலிருந்து அழுத்தம் தர வேண்டியிருந்தது. ஆகவே ஆட்சியரின் ரத்து அதிகாரத்தை எடுத்துவிட வேண்டும் என்று வாதிடுவோர் இந்த நான்கு பெயர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு சாதிப் பெரும்பான்மை சபையில் கூடித் தெருக்குழாயைப் பிரித்துத் தீர்மானம் போட்டால் அதை அன்றைக்கே அடித்துப்போட யாராவது வேண்டும். 202 இருக்கட்டும். ரத்துக்கு இருக்கும் ஒழுங்கு, அதாவது எழுத்தும் காரணமும் விளக்கம் கேட்பதும், கிடப்பில் போடுவதற்கும் வேண்டும். குறித்த நாளுக்குள் ரத்து செய்யப்படாத, பதிலும் தரப்படாத தீர்மானம், ஊராட்சியின் அதிகார வரம்புக்குள் இருக்கும்வரை, ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்பட வேண்டும். வரம்புக்கு வெளியே என்றால் அந்தத் துறை அப்படி எழுதித் தர வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு: தீர்மானத்துக்குச் சட்ட வலு இல்லாவிட்டாலும் அரசியல் வலு இருக்கிறது, அரிட்டாபட்டியைப் பாருங்கள் என்பார்கள். மேலூர்ப் பகுதிக் கிராம சபைகள் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. உண்மைதான். அந்த வெற்றிக்குப் பின்னால் மதுரை வரை நடந்து வந்த கூட்டமும், மாநிலம் முழுக்க எழுந்த குரலும், பல்லுயிர் மரபுத் தலம் என்று 2022இலேயே கிடைத்த அறிவிப்பும் இருந்தன. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் 2022 முதல் அடுக்கடுக்காகத் தீர்மானம் போட்டுவருகிறது; அவற்றுக்காகத் திட்டம் கைவிடப்படவில்லை. இரண்டு ஊருக்கும் சட்டத்தில் கிடைத்த இடம் ஒன்றே. கூட்டத்தின் அளவும் யார் எதிராளி என்பதும்தான் வேறு. எம்.ரெட்டியபட்டியின் வரத்துக்கால் சென்னையிலோ டெல்லியிலோ ஒருநாளும் செய்தியாகாது.

ஊராட்சி பற்றிய சொற்பொழிவு எதுவும் உத்திரமேரூரைத் தொடாமல் முடிவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலையை மட்டும் பார்க்கிறோம். அதே கல்வெட்டுகள் அரசாணையின்படி, அரசன் அனுப்பிய அதிகாரி உடனிருக்க, சபை இந்த ஏற்பாட்டைச் செய்ததாகத் தொடங்குகின்றன. சபைக்குள் அதிகாரி இருப்பது புதிய சங்கதியல்ல. ஆனால் அவர் உடனிருந்தார், பெயர் கல்லில் இருக்கிறது, முடிவுக்கு அவரும் சாட்சி.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தலைவர் நாற்காலியின் அதிகாரம் தனி அலுவலராக வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போனது. 2016 அக்டோபர் முதல் 2019 இறுதிவரையும் இதேதான் நடந்தது. அந்தக் காலங்களில் மன்றத்தின் தீர்மானத்தை எழுதுபவரும், அதை மேலே அனுப்புபவரும், ஒன்றிய அலுவலகத்தில் அதைப் பெறுபவரும் ஒரே அலுவலர். 202இன் கீழ் ஆட்சியர் விளக்கம் கேட்டால் தம் கீழ் வேலை பார்ப்பவரிடமே கேட்க வேண்டியிருக்கும். கேட்க வேண்டிய நிலையே வராது. ரத்து செய்ய வேண்டிய எதையும் அவர் எழுதமாட்டார்.